சேலைக்குள் மணல்

செல் விழும் நேரத்தில் உடம்பை மறைக்க மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளில் கைக்கு எட்டியவை தும்பு மெத்தை, அலுமாரி, கூரைத் தகரம், உரப்பை, பழைய சேலை என்பவைதான். 1990 ஜூனில் மட்டக்களப்பில் வெடித்த சண்டை தொடங்கி 2007இல் கிழக்கில் போர் ஓயும்வரை, இவற்றில் எது காக்கும், எது கைவிடும் என்பதைச் சனங்கள் உயிரைப் பணயம் வைத்தே அறிந்துகொண்டார்கள்.

முதலில் கைவிட்டது தகரம். வெடித்த செல்லின் துண்டு தொடக்கத்தில் நொடிக்கு ஒரு கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் பறக்கும். அது துளைத்த தகரத்தில் துளையின் விளிம்பு வீட்டுப் பக்கமாகச் சுருண்டு, கத்திபோல் நிற்கும். மெத்தையின் தும்பு விலகி வழிவிட்டுவிடும். மாறாக, 1965இல் ஸ்டெபானி குவோலெக் கண்டுபிடித்த கெவ்லார் இழை, கவச உடையில் அடுக்கடுக்காக நெருக்கி நெய்யப்படுவதால் விலகாமல் துண்டைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த மென்கவசத்தால்கூட ரி-56 துவக்கின் சன்னத்தைத் தடுக்க முடியாது. அதற்கு மட்பாண்டத் தகடோ உருக்குத் தகடோ வேண்டும். கண்ணாடி பதித்த அலுமாரியின் பின்னால் பதுங்குவது இன்னும் ஆபத்து: மரச்சிராயும் கண்ணாடிச் சில்லும் சேர்ந்து பாயும்.

காத்தது மணல். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் அதற்குப் பஞ்சமில்லை. மணலுக்குள் நுழைந்த சன்னம் நேரே போகாது. புரண்டு, குறுக்காகத் திரும்பி, எண்ணற்ற மணிகளை உரசி வேகத்தை இழக்கும். மூட்டையைக் கொட்டினால் அது மேலுறை உரிந்தோ வளைந்தோ கிடக்கும். ஒன்றரை அடிக் கனமுள்ள காய்ந்த மணல் துவக்குச் சன்னத்தை நிறுத்திவிடும். நனைந்த மண்ணென்றால் ஏறத்தாழ இருமடங்கு கனம் தேவை. பையை முக்கால்வாசி மட்டும் நிரப்பி, வாயை மடித்துக் கீழே வைத்து, செங்கல் கட்டுவதுபோல் மூட்டு மாற்றி அடுக்கவேண்டும். முட்ட நிரப்பிய பை உருண்டுவிடும், இடைவெளியும் விழும். சேலை தனியே எதையும் தடுக்காது. அதையே பையாகத் தைத்து மணல் நிரப்பினால் அது அரண். 2009இல் வன்னியில் உரப்பை தீர்ந்தபோது கூறைச்சேலைகளும் இப்படித்தான் கிழிபட்டன. ஒரு குடும்பம் கடைசிவரை பெட்டியில் பொத்திவைத்திருந்த துணி அது.

வாவிக்கரையில் பதுங்குகுழி, அதாவது பங்கர், வெட்டுவதற்குப் பெரிய இடைஞ்சல் தண்ணீர். எழுவான்கரை மணலில் சில அடி தோண்டியதுமே ஊற்று வரும். மாரியில் பங்கர் கிணறாகிவிடும், பாம்பும் வந்து ஒதுங்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரைக் களிமண்ணில் சுவர் சரியாமல் நிற்கும், ஆனால் மழைநீர் வடியாது. அதனால் பாதியைத் தோண்டி, மீதியை மேலே மூட்டையால் உயர்த்துவதே இங்கு பொருந்தியது. வாகரைப் பக்கம் போர் கடுமையானதும் மாரி காலத்தில்தான். 2006 நவம்பர் 8 அன்று அங்குள்ள கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனங்கள்மீது செல் விழுந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பள்ளிக்கூடச் சுவரும் கூரையும் காப்பாகவில்லை.

பங்கரின் வாசலை நேராக விடக்கூடாது. ஒரு முடக்கு வைத்தால் வாசலுக்கு எதிரே வெடித்த செல்லின் துண்டு உள்ளே வராது. மேலே தென்னங்குற்றிகளை நெருக்கிப் போட்டு, அதன்மேல் இரண்டடுக்கு மூட்டை வைப்பார்கள். நேரே விழும் செல்லை அதுவும் தாங்காது. பக்கத்தில் விழுவதன் துண்டைத் தாங்கும். உரப்பை வெயிலில் சில மாதங்களிலேயே இற்றுப்போகும் என்பதால் அதைக் கிடுகால் மூடி, கிழிந்த மூட்டையை அவ்வப்போது மாற்றவேண்டும்.