வதரியும் ‘முன்’ என்னும் சொல்லும்

ஸ்ரீமந் நாராயணன் உகந்தருளின நிலங்களுள் வடநாட்டுத் திருப்பதிகளை ஒருமுறையேனும் ஸேவித்துவிட வேண்டும் என்னும் ஆவல் நம்மவர் உள்ளத்தில் என்றும் உண்டு. ‘அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம்’ என்று அவ்வாவலைத் தள்ளி வைக்கும் வழக்கமும் உண்டு. அடியேனும் அவ்வழக்கத்திற்கு விலக்கானவன் அல்லேன். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பத்ரிகாசிரமத்தை ஸேவிக்கும் பேறு வாய்த்தது. அங்குக் கண்டவற்றையும், ஆழ்வார் பாசுரத்தின் துணையால் அங்கு உணர்ந்ததையும் அன்பர்கள் முன் வைக்கிறேன்.

பதிகங்களின் வரிசை

திருமங்கையாழ்வார் தம் பெரிய திருமொழியின் முதல் பதிகத்தில் நாராயணன் என்னும் திருநாமத்தின் பெருமையைப் பாடுகிறார். இரண்டாம் பதிகம் இமயச் சாரலில் உள்ள திருப்பிரிதிக்கு உரியது. மூன்றாவதும் நான்காவதும் வதரிக்கு உரியவை. அதன்பின் சாளக்கிராமம், நைமிசாரணியம், சிங்கவேள் குன்றம் என்று இறங்கி வந்து திருவேங்கடத்தை அடைகிறார். திருநாமம் முதலில், திருப்பதிகள் அதன்பின் என்னும் இவ்வமைப்பைக் கற்போர் மனத்தில் இருத்த வேண்டும்.

வதரியைப் பாடும் முதற் பதிகம் வியப்புக்குரியது. பனிமலையின் அழகைச் சொல்லப் போகிறார் என்று எதிர்பார்க்கும் நமக்கு, ஆழ்வார் முதலில் காட்டுவது ஒரு கிழவனை. கோலை ஊன்றி, முதுகு வளைந்து, கண் இடுங்கி, இருமி இளைத்து, பிறர் எள்ளும் நிலையை அடைவதற்கு முன் வதரியைத் தொழுவோம் என்று நெஞ்சத்தை அழைக்கிறார். இப்பதிகத்தின் பாசுரங்கள் பலவற்றிலும் அந்த ‘முன்’ என்னும் சொல்லே உயிராக நிற்கிறது.

வழியில் கண்டவை

ரிஷிகேசத்திலிருந்து பத்ரிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மோட்டார்ச் சாலை வருமுன் யாத்திரிகர் இத்தொலைவைப் பல நாள் நடந்தே கடந்தனர். முதலில் எதிர்ப்படுவது தேவப்பிரயாகை. பெரியாழ்வார் கண்டம் என்னும் கடிநகர் எனப் போற்றிய தலம். பாகீரதியும் அளகநந்தையும் இங்குக் கலந்தபின்னரே கங்கை என்னும் பெயர் தொடங்குகிறது. இருவேறு நிறத்துடன் வரும் நீர் சிறிது தொலைவு தனித்தனியே ஓடிப் பின் ஒன்றாகிறது. நீரோட்டத்தின் வேகத்தால், படித்துறையில் கட்டியுள்ள இரும்புச் சங்கிலியைப் பற்றிக்கொண்டே தீர்த்தமாட வேண்டும். படிகள் பல ஏறி ரகுநாதனை ஸேவித்தோம்.

ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்னும் சங்கமங்களைக் கடந்து ஜோஷிமட்டை அடைந்தோம். திருப்பிரிதி என நம் பெரியோர் பலர் கொள்ளும் தலம் இதுவே. இங்கு எழுந்தருளியிருக்கும் நரசிம்மனின் திருக்கரம் ஒன்று காலப்போக்கில் மெலிந்து வருகிறது என்றும், அது முறியும் நாளில் மலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பத்ரி செல்லும் வழி அடைபடும் என்றும், அதன்பின் பெருமாள் பவிஷ்ய பத்ரியில் ஸேவை ஸாதிப்பார் என்றும் அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். அதைக் கேட்டபோது, மலைவழிக்கும் ஒரு ‘முன்’ உண்டு போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

அடியேன் திரும்பி வந்து மூன்று மாதங்கள் ஆகுமுன், 2023 ஜனவரியில், அவ்வூரின் நிலம் உள்வாங்கி நூற்றுக்கணக்கான கட்டடங்களில் விரிசல் கண்டது. குடும்பங்கள் பல வீட்டை விட்டு வெளியேறின. பழைய நிலச்சரிவின் மண்மேல் அமைந்த ஊர் இது, பெருங்கட்டுமானம் தகாது என்று 1976-லேயே மிஸ்ரா குழு எச்சரித்திருந்தது. நாம் நடந்த தெருவில் நின்ற வீடுகளையும், நமக்குத் தண்ணீர் தந்த கைகளையும் நினைத்து மனம் கலங்கியது.

வதரியில்

பத்ரி 3,100 மீட்டர் உயரத்தில், நர நாராயண மலைகளுக்கு இடையே, நீலகண்ட சிகரத்தின் நிழலில் அமைந்தது. கோயிலின் கீழே அளகநந்தை பனிநீராய் ஓட, அதன் கரையிலேயே தப்த குண்டம் ஆவி பறக்கக் கொதிக்கிறது. அதில் நீராடிப் படியேறினால், சாளக்கிராமத் திருமேனியில் பத்மாசனத்தில் வீற்றிருக்கிறான் பத்ரி நாராயணன். அவனுக்குத் திருவாராதனம் செய்பவர் தென்கோடிக் கேரளத்திலிருந்து செல்லும் நம்பூதிரி. ராவல் என்பது அவர் பட்டம். ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதமே திருக்கதவம் திறந்திருக்கும். தீபாவளிக்குப் பின் பனி மூடும் முன் சாத்தப்படும். இங்கும் அதே ‘முன்’!

நாராயணன் தானே ஆசார்யனும் தானே சீடனுமாகி, நரனுக்குத் திருமந்திரத்தை உபதேசித்த இடம் இதுவென்பது நம் ஸம்ப்ரதாயம். ஆழ்வார் திருநாமத்தை முதற்பதிகத்தில் வைத்ததன் சுவை அங்கு நின்றபோது தான் விளங்கியது.

அங்கு அடியேன் தனியே நின்றேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்ரியை ஸேவிக்க விரும்பியவர் என் அன்னையார். பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் அழைத்துச் செல்கிறேன் என்றேன். ஓய்வு பெற்றபின் வீடு கட்டி முடியட்டும் என்றேன். வீடு முடிந்தபோது அவருக்கு வயது எண்பது. முழங்கால் தளர்ந்தது; மூச்சும் இளைத்தது. அவ்வளவு உயரம் ஆகாது என்று மருத்துவர் கூறிவிட்டார். அடியேன் குற்ற உணர்வுடன் அருகில் அமர்ந்தபோது அவர் சொன்னது இதுதான்: “நீ போய் ஸேவிச்சுட்டு வா. நான் இங்கேயே திருநாமம் சொல்லிண்டிருக்கேன்.”

கால் தளருமுன் வதரி செல்க என்பது ஆழ்வார் காட்டும் நெறி. தளர்ந்தபின் என் செய்வது என்று கேட்பார்க்கும் அப்பதிகத்திலேயே விடை இருக்கிறது. அன்புடன் ஆயிர நாமம் சொல்லித் தொழுவோம் என்றும் அவர் நெஞ்சத்திற்குச் சொல்கிறார். வதரியில் உபதேசிக்கப்பட்ட நாமம், கட்டிலில் அமர்ந்திருப்பவர் நாவிலும் அதே நாமமே.

ஊர் திரும்பிப் பத்ரியின் பிரசாதத் துளசியை அன்னையார் கையில் வைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு, “வழியெல்லாம் எப்படி இருந்தது? முதலிலேயிருந்து சொல்லு” என்றார். தேவப்பிரயாகையிலிருந்து தொடங்கினேன். முடிக்க இரவு வெகுநேரம் ஆயிற்று.

இம்மலரைப் படிக்கும் இளைஞர்கள், இல்லத்திலுள்ள பெரியோர் எத்திருப்பதியை ஸேவிக்க விரும்புகின்றனர் என்று இன்றே கேட்டறிவார்களாக. அது வதரியாகவும் இருக்கலாம், அடுத்த ஊர்ப் பெருமாளாகவும் இருக்கலாம். அடுத்த ஆண்டு வருமுன் அவர்களை அழைத்துச் செல்வார்களாக.