தேய்ந்த பிரேக் டிஸ்க்கைக் கடையலாமா? கணக்குப் பார்த்துச் செய்வோம்

மலையகத்தில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையோ கராஜோ நடத்துபவர்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: "முதலாளி, டிஸ்க் தேய்ந்து கோடு விழுந்து போச்சு. புதுசு போடக் காசில்லை. லேத்தில் கொடுத்துக் கடைந்து தருவீங்களா?"

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் தொடங்கும்வரை, பழைய வண்டிகளை வைத்தே காலம் தள்ள வேண்டியிருந்தது. 2022 நெருக்கடியில் டொலர் விலை ஏறியபோது உதிரிப்பாக விலையும் கூடவே ஏறியது. கடைசல் பட்டறைகளுக்கு டிஸ்க்குகள் அதிகமாகப் போகத் தொடங்கியது அப்போதுதான். அந்த நாட்களில் நான் செய்த ஒரு தவறையும் அதில் கற்ற பாடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி வந்தார். முன் சில்லு டிஸ்க்கில் ஆழமான கோடுகள். நானே அவரை ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். கண்ணாடி போலப் பளபளப்பாக வந்தது. இரண்டு பேருக்கும் திருப்தி. மூன்றாம் கிழமை அவர் நொண்டிக்கொண்டு கடைக்கு வந்தார். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடி கைக்குள் இறங்கிவிட, வண்டியைத் தேயிலை வரம்பில் சாய்த்து உயிர் தப்பியிருக்கிறார். டிஸ்க்கைக் கழற்றி அளந்தேன். 3.2 மில்லிமீற்றர். அந்த டிஸ்க்கின் உடம்பிலேயே ஆகக் குறைந்த தடிப்பு 3.5 என்று பொறிக்கப்பட்டிருந்தது. அளக்கும் மைக்ரோமீற்றர் என் மேசை லாச்சியில்தான் இருந்தது. அனுப்புவதற்கு முன் நான் அதை எடுக்கவில்லை.

காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன வித்தியாசம்?

"கார் டிஸ்க்கைக் கடைகிறார்களே, இதைக் கடைந்தால் என்ன?" என்று கேட்பார்கள். கார் டிஸ்க் பெரும்பாலும் தடித்த வார்ப்பிரும்பு. முன் டிஸ்க்குகள் 20 மில்லிமீற்றருக்கு மேலும் இருக்கும். அதில் கொஞ்சம் சீவினாலும் உடம்பு மிஞ்சும். மோட்டார் சைக்கிள் டிஸ்க் கடினப்படுத்திய துருப்பிடிக்காத உருக்கு. சிறிய வண்டிகளில் புதிதாக இருக்கும்போதே ஏறத்தாழ 4 மில்லிமீற்றர்தான். தேய்வதற்கு விட்டிருப்பது அரை மில்லிமீற்றர் அளவு. அதுவும் முழுக்கத் துளைகள். லேத் உளி ஒவ்வொரு துளையிலும் இடறும். மெல்லிய தட்டு அதிரும். ஆகவே அதைச் செய்வதாக இருந்தால் லேத்தில் அல்ல, காந்தப் பலகை உள்ள சாணை இயந்திரத்தில்தான் செய்ய வேண்டும். மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர்களின் கைநூல்கள் பொதுவாகச் சொல்வதோ, எல்லையைத் தாண்டினால் மாற்று என்பதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். புதிய தடிப்பு 4.0, எல்லை 3.5. வந்த டிஸ்க் 3.8. "இன்னும் இருக்கிறதே" என்று தோன்றும். ஆனால் கோட்டின் ஆழம் ஒரு பக்கம் 0.2 என்றால், இரண்டு பக்கமும் கோடு மறையச் சீவும்போது 0.4 போய்விடும். மிஞ்சுவது 3.4. கூலியும் போய், டிஸ்க்கும் குப்பைக்குப் போகிறது. கடையாமல் விட்டிருந்தால் அது இன்னும் எல்லைக்குள் இருந்திருக்கும்!

மலைப் பாதையில் ஏன் இது பெரிய விசயம்?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். றம்பொடை வழியாகக் கம்பளைக்குப் போனால் ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். இரண்டு பேருடன் 250 கிலோ வரும் வண்டி ஆயிரம் மீற்றர் இறங்கும்போது வெளிவரும் சக்தி, ஏழு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இஞ்சினும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிகுதி டிஸ்க்கில் சூடாக ஏறும். நாலில் 0.8 குறைந்த டிஸ்க்கில் ஐந்தில் ஒரு பங்கு இரும்பு இல்லை. அதே சூட்டில் அது இன்னும் கூடுதலாகக் காயும், வளையும். அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்கும் போகும். டொட் 3 எண்ணெய் புதிதில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிப் பழசானால் 140 பாகையிலேயே கொதிக்கலாம். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். பிடியை இழுத்தால் அந்த ஆவிதான் நசுங்கும், பேட் அழுத்தாது. நம்முடைய மழையும் பனியும் உள்ள ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது எண்ணெய் மாற்றச் சொல்லுங்கள்.

கடையில் கடைப்பிடிக்க வேண்டியவை

முதலாவது, அளக்காமல் பேச வேண்டாம். டிஸ்க்கின் ஓரத்தில் தேயாத விளிம்பு உயர்ந்து நிற்கும். வேர்னியர் அதில் முட்டிக் கூடுதலாகக் காட்டும். மைக்ரோமீற்றரால் பேட் உரசும் இடத்தில், சுற்றி ஆறு இடமாவது அளந்து, ஆகக் குறைந்ததை எடுங்கள். அதைப் பொறித்திருக்கும் எல்லையோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, பிரேக் பிடிக்கும்போது உதறினால் உடனே டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். டிஸ்க் உட்காரும் இடத்தில் ஊத்தை, கெலிப்பர் ஊசி இறுகியிருத்தல், சில்லு பெயாரிங் ஆட்டம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பிறகு டயல் கேஜ் வைத்து வளைவை அளவுங்கள். பல வண்டிகளுக்கு 0.3 மில்லிமீற்றர்தான் எல்லை. சிலவற்றுக்கு அதிலும் குறைவு.

மூன்றாவது, நகத்தில் இலேசாகத் தட்டுப்படும் கோட்டுக்குச் சாணையும் வேண்டாம், புதிய டிஸ்க்கும் வேண்டாம். எமரித் தாளால் மினுக்கத்தை எடுத்து, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, புதிய பேட் போட்டு, சமதரையில் மெதுவாகப் பிடித்துப் பிடித்துப் பழக்கினால் போதும்.

நான்காவது, சீவிய பிறகும் எல்லைக்கு மேல் தாராளமாக நிற்கும் என்று அளவு சொன்னால் மட்டும், நம்பிக்கையான பட்டறைக்குக் கொடுங்கள். திரும்பி வந்ததும் மறுபடி அளந்து, முன் அளவு, பின் அளவு இரண்டையும் பில்லில் எழுதி வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். தயாரிப்பாளர் இதைச் சிபாரிசு செய்வதில்லை என்பதையும் வாயால் சொல்லிவிடுங்கள். சீவிய டிஸ்க்கைப் புதியதோடு கலந்து விற்பது வியாபாரமல்ல. குறையை மறைத்து வரும் காசில் பரகத் இல்லை என்பது நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்த பாடம்.

ஐந்தாவது, பேட்டை நேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். டிஸ்க்கில் ஆழமான கோடு விழுவது பெரும்பாலும் பேட் தீர்ந்து அதன் இரும்புத் தகடு உரசுவதால்தான். பேட்டின் விலை சிறிது. அதைத் தள்ளிப்போட்டதால் வரும் டிஸ்க்கின் விலை பெரிது.

"இப்படியெல்லாம் சொன்னால் வியாபாரம் குறையாதா?" என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். அந்தத் தம்பிக்கு என் கணக்கில் ஒரு புதிய டிஸ்க் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு அது நட்டம்தான். அவர் இன்றைக்கும் என் கடைக்குத்தான் வருகிறார். தன் லயத்திலிருந்து ஆட்களையும் அனுப்புகிறார். வருகிறவர்கள் முதலில் கேட்பது விலையை அல்ல. "அளந்து பாருங்க முதலாளி" என்கிறார்கள். மைக்ரோமீற்றர் இப்போது லாச்சியில் இல்லை, மேசை மேல் இருக்கிறது.