புரையேறாமலே வரும் ஆபத்து

சாப்பிடும்போது புரையேறினால், “யாரோ நினைக்கிறார்கள்” என்று உச்சந்தலையில் தட்டுவோம். பண்டார் பாருவிலும் இந்தப் பழக்கம் உண்டு. உண்மையில் அந்த இருமல் மூச்சுக்குழாயின் காவல். பக்கவாதம் வந்த சிலருக்கு இந்தக் காவல் செயலிழந்துவிடும். கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கினாலும் இருமல் வராது. பிறகு நிமோனியா வரலாம். தாத்தா இருமாமல் குடிக்கிறாரே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

இதைக் கண்டறியும் உள்நோக்கிச் சோதனையை 1988இல் அமெரிக்காவின் சூசன் லாங்மோர் குழுவினர் அறிமுகப்படுத்தினர். கேமரா பொருத்திய மெல்லிய வளையும் குழாயை மூக்கு வழியாகச் செலுத்தி, குரல்வளைக்கு மேலே நிறுத்துவார்கள். பச்சை அல்லது நீலச் சாயம் கலந்த தண்ணீர், கஞ்சி, பிஸ்கட் கொடுப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், விழுங்கும் அந்த நொடியில் தொண்டை சுருங்கித் திரை வெளுத்துவிடும், ஒன்றும் தெரியாது! அதற்கு முன்னும் பின்னும் சாயம் எங்கே தேங்குகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. எக்ஸ்ரே கதிர் இல்லை, படுக்கையருகிலேயே செய்யலாம்.

மருத்துவமனையில் இதைத் தொடங்கக் கருவி மட்டும் போதாது. காது மூக்கு தொண்டை மருத்துவரும் பயிற்சி பெற்ற பேச்சுச் சிகிச்சையாளரும் கைகோக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் குழாயைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். மூக்கில் இரத்தம் கசிந்தால், மயக்கம் வந்தால் என்ன செய்வது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

குடித்தபின் தாத்தாவின் குரல் நீர்கோத்ததுபோல் களகளத்தால், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.