தெரியாத இடத்தில் என்ன ஆகும்?

அன்புள்ள தங்கைக்கு,

புது வசதிகளை எப்போது தைரியமாக எடுத்தாளலாம் என்று கேட்டிருந்தாய். எத்தனை சதவீதம் பிரவுசர்களில் ஓடுகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். நீ அதற்கு முன்னால், ஓடாத பிரவுசரில் என்ன ஆகும் என்று பார்.

சிஎஸ்எஸ் பொறுமைசாலி. புரியாத வரியை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் கிரிட் வந்தபோது அந்தக் குணம்தான் கைகொடுத்தது. ஃப்ளோட்டில் எழுதிய பழைய அமைப்பை அழிக்காமல் அதன்மேலேயே கிரிட்டை எழுத முடிந்தது. கிரிட்டுக்குள் வந்த பெட்டிக்கு ஃப்ளோட் செல்லாது. பழைய அகலங்களை மட்டும் சப்போர்ட்ஸ் விதிக்குள் மாற்றினால் போதும்.

செலக்டரில்தான் கவனம் வேண்டும். கமா போட்டு நான்கு செலக்டர்களைக் கோத்து, ஒன்றில் மட்டும் ‘ஹேஸ்’ என்ற புது வசதியை எழுதினால், அதை அறியாத பிரவுசர் நான்கையும் சேர்த்தே தள்ளிவிடும். ஃபயர்பாக்ஸுக்கு அது வந்ததே 2023 டிசம்பரில்தான். அதைத் தனி விதியாக எழுது.

ஜாவாஸ்கிரிப்டிடம் இந்தப் பொறுமை கிடையாது. ஆப்ஷனல் செயினிங் ஒரே ஒரு இடத்தில் இருந்தாலும், அது தெரியாத பிரவுசர் அந்த ஸ்கிரிப்ட் முழுவதையும் ஓட்ட மறுத்துவிடும். ஐபோன் 6 ஐஓஎஸ் 12-ஐத் தாண்டாது. அதில் குரோமையே போட்டாலும் உள்ளே இருப்பது அந்தப் பழைய வெப்கிட்தான். "அப்டேட் செய்யுங்கள்" என்று அந்த ஃபோனை வைத்திருப்பவரிடம் சொல்வதில் அர்த்தமே இல்லை. பேபல் என்ற கருவி புது இலக்கணத்தைப் பழையதாக மாற்றித் தரும், சரி. ஆனாலும் விண்ணப்பமோ கட்டணமோ, ஸ்கிரிப்ட் இல்லாமலே ஃபார்ம் போய்ச் சேரும்படி முதலில் எச்டிஎம்எல்லில் எழுதிவிடு. மற்றதெல்லாம் அப்புறம்.

இன்னொன்று. அரேக்களுக்கு ‘ஃப்ளாட்டன்’ என்ற மெதடை ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் சேர்க்க இருந்தார்கள். மூடூல்ஸ் என்ற பழைய நூலகம் அதே பெயரில் தன்னுடையதை ஏற்கெனவே அரேயின் ப்ரோட்டோடைப்பில் செருகி வைத்திருந்தது. 2018-ல் ஃபயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் தரத்தின் மெதடைச் சேர்த்ததும் ஒரு தளம் உடைந்தது. கடைசியில் தரத்தின் பெயர்தான் ‘ஃப்ளாட்’ என்று மாறியது. கைவிடப்பட்ட நூலகத்துக்காக வளைவதா என்று சிலர் கொதித்தார்கள். எனக்கு அது தரக்குழு எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்றாகவே படுகிறது: பராமரிக்க ஆளில்லாத பக்கத்தையும் யாரோ இன்றைக்குத் திறந்து படிக்கிறார்.

ஆகவே அரே, ஸ்ட்ரிங் ப்ரோட்டோடைப்புகளில் சொந்தமாக எதையும் சேர்க்காதே. தேவையான ஃபங்ஷனைத் தனி மாட்யூலில் வைத்து இம்போர்ட் செய்துகொள். போன மாதம் நீ அனுப்பிய கோடில் அப்படி இரண்டு இருந்தன. அவற்றை முதலில் எடுத்துவிடு.

அன்புடன்,
அண்ணன்