வெளுத்த பல்லில் அடைப்பு: பொறுப்பதா, பூசுவதா?

முன்பற்களை ப்ளீச்சிங் செய்து வெண்மையாக்கிய கையோடு, அங்கே பல் நிறத்தில் அடைப்பும் வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு வழிகள் இரண்டு. ஒன்று, இரண்டு வாரமாவது பொறுத்திருப்பது. மற்றது, அன்றைக்கே பல்லில் ஆன்டிஆக்ஸிடன்ட் பூசிவிட்டு அடைப்பை வைப்பது. திராட்சை விதை, கிரீன் டீ, மாதுளைத் தோல், பைன் மரப்பட்டை என்று தாவரச் சாறுகள் பலவும் இதற்காக ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்டிருக்கின்றன. இருந்தும், பொறுக்க முடிந்தவர் பொறுப்பதே சரி என்பேன். பூச்சு, பொறுக்க வழியில்லாதவருக்கானது.

வெளுக்கப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு எனாமலைக் கடந்து அதன் உள்ளடுக்கான டென்டின் வரை இறங்குகிறது. அதிலிருந்து பிரியும் ஆக்சிஜன் உடனே வெளியேறிவிடாமல் சில நாட்கள் பல்லுக்குள் தங்கியிருக்கும். பல் நிறத்திலான காம்போசிட் அடைப்பு நீல ஒளி பட்டு இறுகுவது ஃப்ரீ ராடிக்கல்கள் நடத்தும் தொடர்வினையால். தங்கியிருக்கும் ஆக்சிஜன் அந்தத் தொடரை நடுவில் அறுத்துவிடுகிறது. அமிலமிட்டுச் சொரசொரப்பாக்கிய எனாமலின் நுண்துளைகளுக்குள் ஆழமாக இறங்க வேண்டிய பிசின் விழுதுகள் குட்டையாக, அரைகுறையாக நின்றுவிடுகின்றன. அப்படி ஒட்டிய அடைப்பின் ஓரத்தில் கசிவு வரும், கறை ஏறும், சீக்கிரமே பெயர்ந்தும் போகலாம்.

அந்த ஆக்சிஜனை வேதிமுறையில் அகற்ற முடியும் என்பதற்குச் சான்றுகள் வலுவானவை. பத்து சதவீத சோடியம் அஸ்கார்பேட், அதாவது வைட்டமின் சி-யின் உப்பு, ஒட்டும் வலிமையை மீட்கிறது என்று ஹாங்காங் ஆய்வாளர்கள் 2002இல் காட்டினார்கள். 2011இல் சென்னை ஆய்வாளர்கள், திராட்சை விதையிலுள்ள புரோஆந்தோசயனிடினை ஐந்து சதவீதக் கரைசலாகப் பத்து நிமிடம் பூசியபோது அஸ்கார்பேட்டைவிடவும் நல்ல பலன் கிடைத்ததாக வெளியிட்டார்கள். அப்படியானால் திராட்சை விதைதானே முதல் தேர்வாக வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இவை பெரும்பாலும் பிடுங்கிய பற்களில் செய்த அளவீடுகள். உமிழ்நீரும் மெல்லும் விசையும் வருடக்கணக்கில் தாக்கும் வாயில் பெற்ற முடிவுகள் அல்ல. தவிர, திராட்சை விதைச் சாறு பழுப்பு நிறம் கொண்டது. வெண்மைக்காகவே மெனக்கெட்ட முன்பல்லில் அந்தச் சாயம் படியும் ஆபத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. தாவரச் சாறு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதும் உண்டு. அதனால் எனாமல் ஓரம் வெளியே தெரியும் இடத்தில் அஸ்கார்பேட்டே மேல். டென்டின் அதிகம் திறந்த, கண்ணுக்குப் படாத இடமென்றால் கதை வேறு: அங்குள்ள கொலாஜன் இழைகளைப் பிணைத்து உறுதியாக்கும் குணம் திராட்சை விதைக்கு உண்டு, அஸ்கார்பேட்டுக்கு அது கிடையாது.

பத்து நிமிடப் பூச்சு ஒட்டும் வலிமையை மீட்குமென்றால் இரண்டு வாரம் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. நிறத்துக்காக. ப்ளீச்சிங் முடிந்தவுடன் ஈரம் வற்றிய பல், உண்மையில் நிலைக்கப்போவதைவிட வெளுப்பாகத் தெரியும். அது நிலைகொள்ள ஒன்றிரண்டு வாரமாகும். அடைப்பின் நிறமோ வைத்த நாளோடு நின்றுவிடும். அன்றைய பல்லுக்குப் பொருத்தமாக வைத்த அடைப்பு, இரண்டு வாரத்தில் தனித்து வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருக்கும். எந்தச் சாறும் இதைச் சரிசெய்யாது. சொத்தை இருக்கிறதே என்றால், ப்ளீச்சிங்குக்கு முன்பே தற்காலிக அடைப்பால் மூடி, நிறம் நிலைத்த பின் மாற்றிக்கொள்ளலாம்.

முன்பல் உடைந்து, உடனே அடைப்பு வைத்தாக வேண்டிய நிலை வந்தால் பூச்சை மறுக்கத் தேவையில்லை. கிரீன் டீ குடிப்பதாலோ திராட்சை விதையை மெல்லுவதாலோ இந்தப் பலன் வராது; குறிப்பிட்ட செறிவில் கரைசல் பல்லின் மேல் தங்க வேண்டும். அஸ்கார்பேட் கரைசல் காற்றுபட்டு வீரியம் இழப்பதால் அன்றே கலந்ததா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பூசிய பின் நன்றாகக் கழுவுகிறாரா என்பதும் முக்கியம், ஏனெனில் மிஞ்சி நிற்கும் ஆன்டிஆக்ஸிடன்ட், அடைப்பை இறுகச் செய்யும் ஃப்ரீ ராடிக்கல்களையும் விழுங்கிவிடும்.