தாயின் இரத்தக் குழாய்களைச் செப்பனிடும் செல்கள்

இரத்த ஓட்டப் பாடத்தில் இரத்தக் குழாயைத் தண்ணீர்க் குழாயோடு ஒப்பிடுவது வழக்கம். அதோடு, இது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் உயிருள்ள குழாய் என்பதையும் நான் சேர்த்துச் சொல்கிறேன். அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கர்ப்ப காலம்.

குழாயின் உட்புறத்தை ஒற்றை அடுக்காக மூடியிருப்பவை எண்டோதீலியச் செல்கள். இவ்வடுக்கைச் செப்பனிட உதவும் முன்னோடிச் செல்கள் இரத்தத்தில் சுற்றுவதை டகாயுகி அசஹாராவும் அவரது குழுவினரும் 1997-இல் அறிவித்தனர். கர்ப்பிணியின் இரத்த அளவு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு கூடுகிறது. கருப்பைத் தமனிகள் விரிகின்றன. குழாய்களின் வேலைப்பளு மிகும் இக்காலத்தில் முன்னோடிச் செல்களும் பெருகுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ப்ரீ எக்லாம்ப்சியா எனும் கர்ப்பகால நோய் உள்ளவர்களிடம் அவை குறைந்திருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

“டீச்சர், எங்க அக்காவுக்கு ஒவ்வொரு தடவையும் ஏன் பி.பி. பாக்குறாங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். இப்பாடமே அதற்கு விடை. இந்நோயில் எண்டோதீலியம் பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயரும். சிறுநீரில் புரதம் வெளியேறலாம். தொடக்கத்தில் வலியே இராது. அதனால்தான் கருவி கொண்டு அளக்கிறோம்.

கரும்பலகையில் குழாயின் குறுக்குவெட்டை வரைந்து, உள்ளடுக்கில் இரண்டு செல்களை அழித்துக் காட்டுங்கள். அந்த இடைவெளியை நிரப்புவது யார் என்று கேளுங்கள். பிறகு, கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவற்றை அபாய அறிகுறிகளாக எழுதிப் போடுங்கள். இவற்றில் ஒன்று தோன்றினாலும் கர்ப்பிணியை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது மாணவர் வழியே வீட்டுக்குச் செல்லட்டும்.