மடிநோய் அண்டாமல் இருக்க

பால் கறந்ததும் காம்புத் துளை உடனே மூடிக்கொள்ளாது. அரை மணி நேரமாவது திறந்திருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி நேராக மடிக்குள் ஏறிவிடும். அதனால் கறந்த கையோடு தொட்டியில் பசுந்தீவனம் போடுங்கள், தின்றுகொண்டே நிற்கும். காம்புகளை அயோடின் கரைசலில் நனைத்துவிட்டால் இன்னும் நல்லது.

தினமும் கறக்கும் முன் முதல் இரண்டு மூன்று பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திப்பி திப்பியாகத் தெரிந்தாலோ, மடி சூடாக வீங்கியிருந்தாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழையுங்கள். தாமதித்தால் அந்தக் காம்பே பயனற்றுப் போகும். அவர் வரும்வரை சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, கழுவிய மடியில் பூசிவாருங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சொல்லும் மரபு வைத்தியம் இது.

நோய்கண்ட மாட்டைக் கடைசியாகக் கறங்கள். ஊசி போட்டிருந்தால், மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை வீட்டுக்கும் எடுக்க வேண்டாம், சொசைட்டிக்கும் ஊற்ற வேண்டாம்.

கட்டைவிரலை மடக்கிக் கறப்பதை இன்றே விட்டுவிடுங்கள். காம்பு உள்ளுக்குள் காயப்படும், பாவம். வாயில்லா ஜீவன் வலியைச் சொல்லாது. முழுக் கையால் கறப்பதுதான் அதற்குச் சுகம்.